எட்டாம் பக்கத்தில் ஒரு சூப்

செய்தித்தாள் அலுவலகத்தில் அவரை எல்லாரும் சுவர் என்றுதான் சொல்வார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஓரிரு நாள் 'சார்' போட்டுவிட்டுப் பிறகு 'சுவரண்ணே'வுக்கு வந்துவிடுவார்கள். அவரும் அதற்கு முகம் சுளித்ததில்லை. அந்தப் பெயரைக் கொடுத்ததே அவருடைய வேலைதான்.

பக்கம் கட்டுவது அவர் தொழில். எந்தச் செய்தி எங்கே, எந்தப் படம் எத்தனை பத்தி அகலம், விளம்பரம் எந்த மூலையில் என்று திரையில் பொருத்தி அச்சுக்கு அனுப்ப வேண்டும். இதே வேலையைச் செய்ய இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். ஆனால் யார் கட்டிய பக்கமானாலும் கடைசியில் அவர் மேசையைத் தொட்டுவிட்டுத்தான் கீழே அச்சுக்கூடத்துக்கு இறங்கும். ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு விஷயங்கள் அருகருகே உட்கார்ந்திருந்தால் அவர் கண்ணுக்குச் சட்டென்று பட்டுவிடும். விமானம் விழுந்த செய்தியின் காலடியில் 'குடும்பத்தோடு பறந்து வாருங்கள்' என்று ஒரு சுற்றுலா விளம்பரம் கிடக்கும். வெள்ளத்தில் மூழ்கிய தெருவுக்குப் பக்கத்தில் நீச்சல் குளம் வைத்த அடுக்குமாடி வீடு நிற்கும். ஊரே அழுத ஒரு மனிதரின் மரணச் செய்திக்குக் கீழே பற்பசைக்காரி அத்தனை பல்லும் தெரியச் சிரிப்பாள். இவற்றையெல்லாம் பிரித்து, நடுவில் வேறு எதையாவது தூக்கி வைத்து, ஒன்றின் முகத்தில் இன்னொன்று விழிக்காதபடி செய்துவிடுவார்.

அதற்கு அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பக்கத்தைத் தாளில் எடுத்து முதலில் தலைகீழாகப் பிடிப்பார். எழுத்து புரியாது, வெறும் கறுப்பு, வெள்ளை, கட்டம், படம் மட்டும் தெரியும். பிறகு நேராக்கித் தலைப்புகளையும் விளம்பரங்களையும் மட்டும் படிப்பார். உள்ளே போக மாட்டார். "உள்ள போனா ஒவ்வொண்ணும் இழுத்துப் பிடிச்சுக்கும், தம்பி. அப்புறம் பக்கம் எப்ப போறது?" என்பார்.

எட்டாம் பக்கம் வெளிநாட்டுச் செய்திகளுக்கு உரியது. புதன்கிழமைகளில் மட்டும் அதன் வலது கீழ் மூலையில் 'இன்று அடுப்பில்' என்று ஒரு சின்னச் சமையல் பகுதி வரும். எழுதியவர் பெயர் போட மாட்டார்கள். எழுதியது சுவருடைய மனைவி.

அது வந்த கதை சுவாரசியமானது. முன்பு எழுதிக்கொண்டிருந்த அம்மையார் வேறு ஊருக்குக் குடிபோன சமயம், ஒருநாள் மதியம் ஆசிரியர் தற்செயலாகச் சுவரின் மேசையைக் கடந்தார். அவர் டிபன் பாக்ஸைத் திறந்த நேரம். ஆசிரியர் அப்படியே நின்றுவிட்டார். மிகக் கண்டிப்பான பெண்மணி. யாரிடமும் ஒரு பேனாகூட இரவல் வாங்காதவர். அன்று ஒரு கரண்டி வாங்கினார். அடுத்த வாரத்திலிருந்து மனைவி எழுத ஆரம்பித்தாள்.

மனைவிக்குக் காலை வேளையில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தே அவர்களைப் பயத்திலிருந்து இறக்கிவிடுவாள். எழுத்திலும் அதே கைதான். வாய்க்குள் நுழையாத பெயர்கள் கிடையாது. கடையில் கிடைக்காத சாமான் கிடையாது. மீந்துபோன ரொட்டி, வாடிய காரட், அடிப்பிடித்த பால் என்று இவற்றை வைத்துக்கொண்டே வாராவாரம் ஒன்றைச் செய்து காட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை சமைத்துப் பார்ப்பாள். சாப்பிட்டுச் சொல்ல இரண்டு பேர்: சுவர் ஒருவர், இரண்டு தெரு தள்ளியிருந்த அவள் தம்பி இன்னொருவன். தம்பி பஸ் ஓட்டுகிறவன், கல்யாணம் ஆகாதவன், பசிக்குக் குறைவில்லாதவன். திங்கட்கிழமை அவளே போனில் தட்டி நேராக அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவாள்.

அந்தப் பகுதியைச் சுவர் ஒருநாளும் படித்ததில்லை, தலைப்பைக்கூட. அதில் படிக்க என்ன இருக்கிறது? அதுதான் ஞாயிற்றுக்கிழமையே சாப்பிட்டாயிற்றே.

தவறு அங்கேதான் வந்து உட்கார்ந்தது.

தூரத்து நாடொன்றில் ஒரு ஊரைச் சுற்றிப் படைகள் மாதக்கணக்கில் நின்றுகொண்டிருந்தன. உணவு ஏற்றிய லாரிகள் எல்லையில் வரிசையாக நின்றன, உள்ளே விடவில்லை. ஏன் விடவில்லை என்பதற்குப் பெரிய பெரிய நாடுகள் பெரிய பெரிய மேசைகளைச் சுற்றி உட்கார்ந்து காரணம் சொல்லிக்கொண்டிருந்தன. உள்ளே போய்வந்த ஒரு நிருபர் எழுதியது அந்தச் செவ்வாய்க்கிழமை முதல் பக்கத்துக்கு வந்தது. ஆனால் மாலையில் நகரத்தின் புதிய விளையாட்டரங்கம் திறக்கப்பட்ட படங்கள் வந்து சேர, முற்றுகைச் செய்தி முதல் பக்கத்திலிருந்து இறங்கி எட்டாம் பக்கத்துக்குப் போனது. எட்டாம் பக்கம் சீக்கிரம் முடிக்க வேண்டிய பக்கம். அவசரம்.

சுவர் தாளைத் தலைகீழாகப் பிடித்தார். நேராக்கினார். உடனே கண்ணில் பட்டது: செய்திக்கு அடியில் ஓர் ஓட்டல் விளம்பரம். 'வயிறு நிறையும்வரை சாப்பிடுங்கள், ஒரே விலை.' நல்லவேளை என்று நினைத்தபடி விளம்பரப் பிரிவுக்குப் போன் போட்டார்.

"அந்த ஓட்டலைப் பதினொண்ணாம் பக்கத்துக்கு மாத்துறேன்."

"அண்ணே, அவங்க எட்டுக்குத்தான் காசு கட்டியிருக்காங்க. கத்துவாங்க."

"கத்தட்டும். இங்க வந்தா ஊரே கத்தும்."

விளம்பரம் போனது. அந்த இடத்தில் நாணய மாற்று அட்டவணை ஒன்று வந்து உட்கார்ந்தது. சுவருக்குத் திருப்தி. ஓரத்தில் கையெழுத்துப் போட்டுப் பக்கத்தை அனுப்பிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

மறுநாள் காலை முகத்தில் சோப்பு நுரையோடு நின்றவரை மனைவி சாப்பாட்டு மேசையிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க."

"என்ன, வெட்டிட்டாங்களா?" அவள் பேப்பரைப் பிரிப்பது தன் பகுதியில் எந்த வரியைக் குறைத்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான்.

"வெட்டல. வாங்கன்னா வாங்களேன்."

அவர் வந்து பார்த்தார். இடப்பக்கத் தலைப்பு: 'முற்றுகை ஊரில் இலை தழையே உணவு.' கீழே படத்தில் ஒரு பெண், கையில் பாத்திரம், பாத்திரத்தில் பச்சையாக ஏதோ. வலப்பக்கத் தலைப்பு: 'வீசி எறியும் இலையிலும் தண்டிலும் ஒரு சூப்.' அதன் முதல் வரி: 'வீட்டில் ஒன்றுமே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்!'

நுரை அவர் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. பழக்கத்தில் கை தாளைத் தலைகீழாகத் திருப்பியது. அப்படிப் பார்த்தால் ஒரு குற்றமும் இல்லை. அழகான பக்கம்.

"இது யார் பாத்து அனுப்புனது?"

"நான்தான்."

"பாக்கலையா?"

"பாத்தேனே. ஓட்டல் விளம்பரம் ஒண்ணு இருந்துது. தூக்கிட்டேன்."

"ஓட்டலப் பாத்தீங்க. என்னைப் பாக்கல."

அவள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். டிபன் பாக்ஸ் மேசையில் மூடி திறந்தபடி வெறுமையாக இருந்தது.

அலுவலகத்தில் போனை எடுக்கும் பெண் அவரைப் பார்த்ததும் காதைத் தடவிக் காட்டினாள். "காலையிலேர்ந்து எரியுதுண்ணே. ஒருத்தர் கேக்குறாரு, 'மனசாட்சிய எந்தச் சட்டியில போட்டு வேக வெச்சீங்க'ன்னு. இன்னொரு அம்மா அழுதுட்டே வெச்சுட்டாங்க."

தலைமை நிருபர் தன் இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். "என்னய்யா சுவரே, விரிசல் விட்டுடுச்சாமே?"

"விரிசல் இல்ல சார். இடிஞ்சே போச்சு."

அவரே ஒத்துக்கொண்டதும் தலைமை நிருபரின் கேலி இறங்கிவிட்டது. "சரி விடு, நான் ஒருதடவை உயிரோட இருந்தவருக்கே இரங்கல் எழுதுனவன்" என்று சொல்லித் திரும்பிக்கொண்டார்.

ஆசிரியர் சுவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் கோபப்படவில்லை, சுவருக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நாளைக்கு வருத்தம் தெரிவிச்சு நாலு வரி போடறோம். நானே எழுதிட்டேன். உங்க மேல நடவடிக்கை எல்லாம் ஒண்ணும் இல்ல. ஆனா சமையல் பகுதி இனிமே எட்டுல வேண்டாம். சனிக்கிழமை வண்ண இணைப்புக்குப் போகட்டும். அங்க யாரும் சாகறதில்ல."

"அவ கிட்ட சொல்றேன், மேடம்."

"ஒண்ணு சொல்லிடறேன். அங்க படம் பெருசா வரும். தண்டு, காம்பு, மீந்த ரொட்டியெல்லாம் படத்துல எடுபடாது. பாத்தா சாப்பிடத் தோணுற மாதிரி ஏதாவது செய்யச் சொல்லுங்க. முடியாதுன்னா, இதோட நிறுத்திக்கலாம். அடுத்த செவ்வாய் மதியத்துக்குள்ள சொல்லுங்க."

அன்று மாலை வீட்டில் ரொட்டியும் அவித்த முட்டையும் இருந்தன. ஆசிரியர் சொன்னதைச் சுவர் அப்படியே ஒப்பித்தார். மனைவி முட்டையை உரித்துக்கொண்டே கேட்டாள். ஓட்டை முழுசாக எடுத்துத் தட்டோரம் வைத்தாள்.

"ஒண்ணு கேக்குறேன். இத்தனை வருஷமா அந்தப் பக்கத்துல என்னை எது பக்கத்துல வெச்சிருந்தீங்க?"

"உன்னையா? நல்ல இடமாப் பாத்துத்தான். சண்டை, குண்டு, பஞ்சம் எல்லாம் இடது மேல. உன் பக்கம் வந்தா ஏதாவது அருங்காட்சியகம் திறந்தாங்க, யானை குட்டி போட்டுது, அந்த மாதிரி."

"ஓஹோ."

"உனக்கு நல்லதுன்னுதானே செஞ்சேன்."

"பெரியவங்க பேசும்போது பிள்ளைங்கள உள் ரூமுக்கு அனுப்பிக் கதவைச் சாத்துவாங்களே, அது மாதிரி நல்லது." அவள் குரல் உயரவில்லை. "நான் என்னவோ உலகத்தோட உக்காந்து பேசிட்டிருக்கேன்னு நெனச்சேன். நீங்க என்னை யானைக்குட்டியோட வெச்சிருந்திருக்கீங்க."

சுவர் ரொட்டியைத் தட்டில் வைத்தார். வேலையில் அவரைப் பாராட்டியவர்கள் உண்டு, திட்டியவர்கள் உண்டு. அவர் எழுப்பிய சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் யாரும் இதுவரை வந்து கேட்டதில்லை.

"அப்ப சனிக்கிழமை இணைப்பு?"

"வேண்டாம். எட்டாம் பக்கமும் வேண்டாம். அந்தப் படத்தைப் பாத்தப்புறம் வெண்ணெய் ரெண்டு கரண்டின்னு எழுதக் கை வரல. பாக்காத மாதிரி எழுதவும் பிடிக்கல. நிறுத்திட்டேன்னு சொல்லிடுங்க."

ஞாயிற்றுக்கிழமை தம்பி வழக்கம்போல் கையை வீசிக்கொண்டு வந்தான். சமையலறை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினான். ஒரு வாசனையும் இல்லை.

"அக்கா, அடுப்புக்கு உடம்பு சரியில்லையா?"

"லீவு."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியல. முட்டை இருக்கு, சாப்பிடு."

அவன் தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு வந்து சுவரின் பக்கத்தில் உட்கார்ந்தான். தாழ்ந்த குரலில் சொன்னான்: "அத்தான், எதுவா இருந்தாலும் கால்ல விழுந்துடுங்க. நான் பஸ் ஓட்டுறவன். ரெண்டு முட்டையில வண்டி டிப்போவத் தாண்டாது."

"மன்னிப்பெல்லாம் கேட்டாச்சுடா. அதுல ஒண்ணும் இல்ல."

"பின்ன?"

"ஊர் உலகம் பட்டினி கிடக்கும்போது எப்படி சமையல் எழுதறதுன்னு கேக்குறா."

தம்பி வாயில் இருந்ததை விழுங்கினான். "கேள்வி நியாயமாத்தான் இருக்கு," என்றான். "ஆனா அவ சமைக்காததுல அங்க ஒருத்தருக்கும் ஒரு வாய் போகலையே. எனக்குத்தான் போகல."

அவன் போன பிறகு சுவர் புதன்கிழமைப் பேப்பரைத் தேடி எடுத்தார். முற்றுகைச் செய்தியின் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உட்கார்ந்து படித்தார். தான் கட்டிய பக்கத்தில் ஒரு செய்தியை முழுக்கப் படித்து எத்தனையோ காலமாகியிருந்தது. படத்தில் இருந்த பெண் நிருபரிடம் பேசியிருந்தாள். கீரை கிடைக்கும் இடங்கள் தீர்ந்துவிட்டன, இப்போது மரத்து இலைதான் என்றாள். அடுத்து ஒன்று சொல்லியிருந்தாள். பாதை திறந்ததும் முதலில் எதைச் சமைப்பது என்று அவள் பிள்ளைகள் மூன்று பேரும் தினமும் சண்டை போடுகிறார்களாம். பெரியவன் கேட்பது சின்னவளுக்கு ஆகாதாம். மூன்று பேரும் கேட்பது என்னென்ன என்றும் சொல்லியிருந்தாள். 'அந்தச் சண்டையைத் தீர்த்துவைப்பதுதான் இப்போது எனக்குச் சமையல்' என்று முடித்திருந்தாள்.

அவர் பேப்பரை மேசையிலேயே விட்டுவிட்டுக் கண்ணயர்ந்தார். எழுந்தபோது பேப்பர் அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் வேறு விதமாக மடிந்திருந்தது. மனைவி ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மதியம், கடையில் வாங்கிய ரொட்டியை அவர் மேசையில் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் பெண் கூப்பிட்டாள். "அண்ணே, ஒருத்தர் வெள்ளிக்கிழமையிலேர்ந்து கூப்பிடறாரு. திட்டல. சமையல் எழுதுனவங்க கிட்ட ஒண்ணு கேக்கணுமாம். குடுக்கவா?"

மறுமுனையில் ஓர் ஆண்குரல். ஒவ்வொரு வார்த்தையையும் சரிபார்த்துப் பேசுகிறவரின் நிதானம். இந்த மொழியைப் பெரியவரான பிறகு கற்றவர் என்று தெரிந்தது.

"சார், தொந்தரவுக்கு மன்னிக்கணும். அந்த சூப்புக்கு உப்பு எவ்வளவு?"

"உப்பா?"

"பேப்பர்ல போடல. நானா ஒரு அளவு போட்டேன். பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி வந்துச்சு. மறுபடி போட்டேன். கடல் தண்ணி ஆயிடுச்சு. எனக்கு சமையல் தெரியாது. பார்சல் வண்டி ஓட்டறேன்."

சுவர் பேப்பரை இழுத்து, முதல்முறையாக, மனைவி எழுதியதை வரிவரியாகப் படித்தார். முள்ளங்கி இலை ஒரு கட்டு, முட்டைக்கோஸ் தண்டு, இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு வெங்காயம், வெண்ணெய், மிளகு. உப்பு இல்லை.

"ஆமாங்க, விட்டுப்போயிருக்கு. வீட்டுல வேற யாரும்..."

"என் மனைவி நல்லா சமைப்பா, சார். இப்ப அடுப்புப் பக்கமே போறதில்ல. பிள்ளைங்களுக்கு ஏதோ குடுக்கறா. அவ சாப்பிடறதில்ல. இடது பக்கம் இருக்குற ஊர் எங்க ஊர். அவ அக்கா இன்னும் உள்ளதான் இருக்காங்க."

சுவர் ரொட்டியைத் தள்ளி வைத்தார். "அதைப் பாத்தீங்களா? இது ரெண்டும் பக்கத்துல... அது என்னோட தப்பு. நான்தான் அந்தப் பக்கத்தை..."

"பாத்தேன். இடது பக்கம் நான் படிக்கல, சார். அது எனக்குத் தெரிஞ்ச விஷயம். வலது பக்கத்தைத்தான் படிச்சேன். எங்க அம்மா முள்ளங்கி இலையை வீச மாட்டாங்க. அதான் செஞ்சு பாக்கலாம்னு. உப்பு தெரிஞ்சா போதும்."

"கேட்டுச் சொல்றேன். நம்பர் குடுங்க. இன்னிக்கே சொல்றேன்."

மனைவி அப்போது வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள். அவர் போன் செய்தார்.

"உன் சூப்புக்கு உப்பு எவ்வளவு?"

"எதுக்கு? எழுதியிருக்கேனே."

"எழுதல. இப்பதான் படிச்சேன்."

"இப்பதான் படிச்சீங்களா!"

"அதை அப்புறம் திட்டு. உப்பு விட்டுப்போச்சு. ஒரு மனுஷன் நாலு நாளா போன் பண்ணிட்டிருக்காரு." அவர் முழுவதையும் சொன்னார்: பார்சல் வண்டி, சாப்பிடாத மனைவி, உள்ளே இருக்கும் அக்கா, முள்ளங்கி இலை.

மறுமுனையில் பேப்பரைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவள், "உப்பு போடாம ஒரு சமையல் எழுதியிருக்கேன்," என்றாள். ஊரே திட்டியபோது வராத வெட்கம் அந்தக் குரலில் வந்திருந்தது. "நம்பரக் குடுங்க."

மாலையில் அவர் மாடிப்படி ஏறும்போதே வெண்ணெயில் வெங்காயம் வதங்கும் வாசனை எதிரே வந்தது. உள்ளே தம்பி ஏற்கெனவே மேசையில் ஆஜர்.

"அத்தான், கேஸ் முடிஞ்சுது போல?"

"பேசாம உக்காரு. ருசி பாக்கத்தான் கூப்பிட்டேன், தீர்ப்பு சொல்ல இல்ல," என்றாள் அக்கா.

அவளுடைய சிக்கல் இதுதான். வாழ்நாளில் அவள் உப்பை அளந்து போட்டதில்லை. கை அள்ளும், விரல் உதறும், அவ்வளவுதான். அதனால்தான் எழுத்திலும் அது விட்டுப்போயிருந்தது. இப்போது பானைக்கு மேலே கையைக் கொண்டுபோய், போடாமல் திருப்பி, அள்ளியதை ஒரு தட்டில் கொட்டி, தேக்கரண்டியால் வழித்து அளந்தாள். சந்தேகம் தீராமல் மறுபடி அள்ளினாள். ஒன்றரைக் கரண்டி. மூன்றாம் முறையும் அதேதான் வந்தது. தன் கை இத்தனை ஒழுங்கானது என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

பானையில் போட்டுக் கலக்கினாள். இருவர் முன்னும் கிண்ணம் வைத்தாள். தம்பி ஊதி ஊதிக் குடித்தான்.

"எப்படி?"

"தெரியல. இன்னொரு கிண்ணம் குடுத்தாத்தான் சொல்ல முடியும்."

அவள் போனை மேசையில் வைத்து எண்ணை அழுத்தினாள். அந்த மனிதர் எடுத்தார். ஒன்றரைத் தேக்கரண்டி, தட்டையாக வழித்து. கிழங்கு குழைந்த பிறகு. அதற்கு முன் போட வேண்டாம். அவர் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு அவள் தயங்கிக் கேட்டாள்: "உங்க வீட்டம்மாவோட அக்கா... பேச முடியுதாங்க?"

"சில நாள் லைன் கிடைக்கும்மா. கிடைச்சா ரெண்டு பேரும் சமையல்தான் பேசறாங்க. அப்ப அதை எப்படி செஞ்ச, இதுல என்ன போட்ட, அப்படின்னு. வேற ஒண்ணும் பேச மாட்டேங்கறாங்க. எனக்குப் புரியல."

"எனக்குப் புரியுது," என்றாள் மனைவி.

செவ்வாய்க்கிழமை காலை அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அந்த எண் திரும்ப வந்தது. சுவர் செருப்பு மாட்டுவதை நிறுத்திவிட்டு நின்றார்.

"குடிச்சாங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"ரெண்டு கரண்டி குடிச்சா, அம்மா. அப்புறம் கிண்ணத்தைத் தள்ளிட்டா."

"ஐயோ, ஏன்?"

"உப்பு அதிகமாம். யார் சொன்ன அளவுன்னு கேட்டா. பேப்பர்க்காரங்கன்னு சொன்னேன். அவங்களுக்கு என்ன தெரியும்னுட்டு எழுந்து போய் ஒரு கிழங்கு வெட்டிப் போட்டா. மறுபடி கொதிக்க வெச்சு அரைக் கிண்ணம் குடிச்சா."

"அதிகமா! என் கையில உப்பு அதிகமா!" என்றாள் மனைவி. கோபப்பட வேண்டும் என்று ஆரம்பித்தது பாதியில் சிரிப்பாக மாறி, சிரிப்பு முடிவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போனை வைத்தவள் பையைக் கீழே போட்டுவிட்டு மேசையில் உட்கார்ந்தாள். மருத்துவமனைக்கு அன்று அவள் தாமதமாகத்தான் போனாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நான்கு பேர் காத்திருந்தார்கள்.

மதியத்துக்குள் ஆசிரியரின் மேசைக்குப் பகுதி வந்துவிட்டது. சுவர் எதிரே நின்றார்.

'இந்த வாரம் புதிதாக ஒன்றும் இல்லை,' என்று தொடங்கியிருந்தது. 'போன வாரச் சூப்பில் உப்பை விட்டுவிட்டேன். ஒன்றரைத் தேக்கரண்டி போடுங்கள். அது அதிகம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். அதிகமாகிவிட்டால் இன்னொரு உருளைக்கிழங்கை வெட்டிப் போடலாம், இதுவும் அவர் சொன்னதே. போன வாரம் இதே பக்கத்தில் இடப்புறம் ஒரு தாய் பேசியிருந்தார். அதை நான் அப்போது படிக்கவில்லை. படிக்காதவர்கள் தேடிப் படியுங்கள். அவருடைய பிள்ளைகள் கேட்கும் மூன்றையும் ஒவ்வொன்றாக எழுதப் பார்க்கிறேன். பாதை திறக்கும்வரை அந்தச் சண்டை தீராது.'

ஆசிரியர் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "இதை சனிக்கிழமை இணைப்புல போட முடியாதே."

"ஆமாம் மேடம். எட்டாம் பக்கம், வலது கீழ. அங்கதான் வரணும்னு சொல்றா. இடது பக்கம் எது வந்தாலும் பரவாயில்லையாம். ஆனா என்ன வருதுன்னு திங்கட்கிழமையே தனக்குத் தெரியணுமாம்."

"மறுபடி போன் வரும்."

"வரட்டும். இனிமே ரெண்டையும் படிச்சுட்டுத்தான் வைப்பேன்."

"பக்கம் லேட்டாகும்."

"ஆகும், மேடம்."

ஆசிரியர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "ஒரு மாசம் பாக்கறேன். அப்புறம் பேசுவோம்," என்றார். பிறகு சுவர் கதவைத் தொடும்போது, "ஒன்றரை தேக்கரண்டி எத்தனை பேருக்கு? அது இல்லையே இதுல," என்றார்.

சுவர் தாளைப் பார்த்தார். இல்லைதான். 'நான்கு பேருக்கு' என்று ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

அந்த வாரமும் லாரிகள் எல்லையிலேயே நின்றன. எட்டாம் பக்கத்தின் இடப்புறம் அதுதான் செய்தி. முன்பைவிடச் சின்னதாக, படம் இல்லாமல். சுவர் தாளைத் தலைகீழாகப் பிடித்தார், நேராக்கினார், தலைப்புகளைப் பார்த்தார். அதன் பிறகு நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு இடப்புறம் முதல் எழுத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். முடித்து வலப்புறத்துக்கு வந்தார். கீழே அச்சுக்கூடத்திலிருந்து எட்டாம் பக்கம் எங்கே என்று இரண்டு முறை போன் வந்தது.

"வருது, வருது. படிச்சுட்டிருக்கேன்," என்றார்.

பக்கத்தில் டிபன் பாக்ஸ் மூடியோடு இருந்தது. போன் பெண் அதைத் தாண்டிப் போகும்போது, "என்ன அண்ணே, வாசனை வருது?" என்று கேட்டாள்.

"சூப்பு. குடிச்சுப் பாத்துட்டு உப்பு எப்படின்னு சொல்லு," என்று மூடியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். கண்ணைத் தாளிலிருந்து எடுக்கவில்லை.